பட்டியலில் வராத பதினோரு பேர்

அத்தியாயம் 14

"ஆய்வுகள் என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்த டாக்டர் ஹதானோ, பாதியிலேயே நிறுத்தினார். கையில் இருந்த காகிதக் கற்றையின் முதல் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

சயோரி அதைக் கவனித்துவிட்டாள்.

"யாரோட ஆய்வு, டாக்டர்?"

அவர் மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த கிவாகோவைப் பார்த்தார். ஹதானோவுக்கு நாற்பது வயது. அவர் மாணவனாக இருந்தபோது கிவாகோவின் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்.

"என்னோடது" என்றாள் கிவாகோ.

சயோரி அம்மாவின் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

கிவாகோவின் கணவர் கென்சாகு விழுந்து இன்றோடு நூற்று நாற்பத்திரண்டு நாள். ஜூலை மாதம் ஒரு காலையில், சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு நின்ற மனிதர் அப்படியே சாய்ந்தார். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னல் அறையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று நாலு மாதம்கூட ஆகவில்லை. உயிர் பிழைத்தது. பேச்சு போயிற்று. வலது பக்கம் போயிற்று. எல்லாவற்றையும்விட மோசம், விழுங்கும் சக்தியும் போயிற்று. மூக்கு வழியாகச் செருகிய குழாயில்தான் கஞ்சி இறங்குகிறது. மூன்று முறை நிமோனியா வந்து போய்விட்டது.

கனசாவாவில் மருந்துக் கடை வேலையை விட்டுவிட்டு மகள் வந்து சேர்ந்தது, அம்மாவுக்கும் பெண்ணுக்கும் போன வாரம் நடந்த சண்டை, அதற்குப் பிறகு இருவரும் சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கேட்காமல் எழுந்துபோய் எடுத்துக்கொண்டது - இதெல்லாம் தெரிந்த கதை. ஆனால் ஒரு விஷயத்தைக் கிவாகோ மகளிடம் சொல்லவே இல்லை. பல்கலைக்கழகத்தில் ஏழு வருஷமாக அவள் செய்த ஆராய்ச்சியே இதைப் பற்றித்தான் என்பதை. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் பயிற்சியை எதுவரை தொடரலாம், எப்போது நிறுத்திவிடலாம்.

"இருபதாவது வாரத்துக்குள்ள ஒரு ஸ்பூன் ஜெல்லிகூட இறங்கலேன்னா, அப்புறம் வாயால சாப்பிடறதுக்கு வாய்ப்பு அனேகமா இல்லை" என்றார் ஹதானோ. குரல் மெலிந்திருந்தது. "இன்னியோட இருபது வாரம் தாண்டியாச்சு. டீச்சர், நீங்க கத்துக்குடுத்ததுதான். நான் புதுசா ஒண்ணும் சொல்லலை."

"சொல்லுங்க. உங்க வேலையைச் செய்யுங்க" என்றாள் கிவாகோ.

"வயித்துல சின்னதா துளை போட்டு நேரா குழாய் வெச்சிடலாம். மூக்குக் குழாயை எடுத்துடலாம். அவர் பிடுங்கறாரேன்னு கையில உறை மாட்டி வெச்சிருக்கோமே, அதுவும் வேண்டியிருக்காது. காயம் ஆறினதும் ஒரு மாசத்துல வீட்டுக்கே கூட்டிட்டுப் போகலாம். வேண்டாம்னா இங்கேயே பயிற்சியைத் தொடரலாம். ஆனா இந்த வார்டுல இன்னும் ஒரு மாசம்தான் இடம். அப்புறம் எந்த ஆஸ்பத்திரி எடுத்துக்கும்னு என்னால சொல்ல முடியாது. சம்மதம்னா நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள கையெழுத்து வேணும்."

வெளியே இடி உருண்டது. குளிர்காலத்தின் முதல் இடி. இந்தக் கடற்கரையில் அதைக் கேட்டால் வஞ்சிர மீனைப் போலப் பெருத்த பூரி மீன் வலைக்கு வந்துவிட்டது என்று சொல்வார்கள். அறையில் இருந்த மூன்று பேரும் அதைக் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

*

தாழ்வாரத்தில் சயோரி வழியை மறித்து நின்றாள்.

"அந்தப் பேப்பர் சரியா, தப்பா? ஒரே வார்த்தையில சொல்லும்மா."

"ஒரே வார்த்தையில சொல்ற விஷயமா இது?"

"சரியா இருந்தா, இத்தனை நாள் ஏன் என்கூடச் சண்டை போட்டே? குழாய் வெச்சுடலாம்னு நான் அழுதப்பல்லாம், 'இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள்'னு சொன்னது நீதானே? ஊருக்கெல்லாம் நிறுத்துன்னு எழுதிட்டு, உன் புருஷனுக்கு மட்டும் தொடரலாமா?"

கிவாகோ சுவரில் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நோயாளிகள் நடந்து பழகுவதற்காக வைத்த கம்பி.

"அறுபத்துநாலு பேரைச் சேர்த்தோம், சயோரி. முடிவுல கணக்குக்கு வந்தது அம்பத்துமூணு பேர்தான்."

"மிச்சம் பதினோரு பேர்?"

"பாதியில விட்டுப்போயிட்டாங்க. வீட்டுல இருக்கறவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாது."

"தேடலையா?"

"போன் பண்ணினோம். ரெண்டு தடவை. எடுக்கலை."

"ரெண்டு தடவையா!" சயோரி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் கிவாகோவின் கன்னத்தில் அறைந்திருக்கலாம். "நான் பார்சல் பையனுக்கே நாலு தடவை போன் பண்ணுவேன்."

"அதுதான் விதிமுறை. ரெண்டு தடவை கூப்பிட்டு எடுக்கலேன்னா கணக்குலேர்ந்து விலக்கிடலாம்."

"அந்தப் பதினோரு பேர்ல யாராவது ஒருத்தர் எந்திரிச்சு உக்காந்து சாதம் சாப்பிட்டிருந்தா?"

ஐந்து மாதமாக விடியற்காலையில் கண் விழிக்கும்போதெல்லாம் கிவாகோ தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

"நான் அப்பாகிட்டப் போறேன். நீ உன் ஆபீசுக்குப் போ" என்றாள் சயோரி. "கையெழுத்துப் போட வேண்டியது நீதான். அதை மட்டும் மறந்துடாதே."

*

பல்கலைக்கழக அறையில் இரும்பு அலமாரியின் சாவி கிவாகோவின் பையிலேயே இருந்தது. ஏழு வருஷமாக அவள் அதைத் தவறான காரியத்துக்குத் திறந்ததில்லை.

அலமாரிக்குள் பச்சைக் கோப்பு. ஆராய்ச்சியில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் எந்த மனிதர் என்று எழுதிய ஒரே காகிதம் அந்தக் கோப்பில். ஆய்வுக்கு அன்றி வேறு எதற்கும் இதைத் தொடமாட்டோம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுதிக்கொடுத்து, கீழே தன் முத்திரையைப் பதித்தவள் அவளேதான். வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலை போவதுகூடப் பெரிதில்லை. மாணவர்களுக்கு எதிரில் நின்று என்னவெல்லாம் பேசியிருக்கிறாள்!

திறந்தாள்.

பதினோரு பெயர்களையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். பாதிப் பேர் வேறு மாவட்டம். மூன்று பேருக்கு முகவரியே இல்லை. முப்பத்தேழாம் எண் ஹிமி துறைமுகத்தில் ஒரு விலாசம். உகாய். வயது எழுபத்தொன்று. தொழில், ஐஸ் வியாபாரம். பதினெட்டாவது வாரத்தில் வீட்டுக்குப் போனவர். அதுவரை ஒரு ஸ்பூன்கூட விழுங்காதவர்.

கென்சாகுவைப் போலவே.

காகிதத்தைத் திரும்ப வைத்துப் பூட்டினாள். விலாசத்தை எழுதிக்கொள்ளவில்லை. எழுதாவிட்டால் குற்றம் கொஞ்சம் குறையும் என்பதுபோல மனதிலேயே வைத்துக்கொண்டு காரை எடுத்தாள்.

*

கதவைத் திறந்தவள் எழுபத்தைந்து தாண்டிய குள்ளமான பெண்மணி. கையில் மீன் செதில் ஒட்டிய ரப்பர் உறை. கிவாகோவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்ஷூரன்ஸா? வேண்டாம்."

"இல்லைங்க. என் பேரு கிவாகோ. பல்கலைக்கழகத்துல இருக்கேன். உங்க வீட்டுக்காரர் எங்க ஆய்வுல..."

அந்தப் பெண்மணி, திருமதி உகாய், ரப்பர் உறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"ஓ. ஸ்பூன்காரங்களா?"

"ஆமா."

"பன்னெண்டு வாரம் வந்து அளந்தீங்க. ஒரு பொண்ணு வரும். நல்ல பொண்ணு. கழுத்துல கையை வெச்சுப் பாக்கும், நோட்டுல எழுதும், போகும். அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா வரலை. இப்ப நாலு வருஷம் கழிச்சு ப்ரொஃபசரம்மா நேர்லயே வந்திருக்கீங்க."

"போன் பண்ணினோம்..."

"எப்போ? பகல்லயா? பகல்ல நான் கருவாடு காயவெக்கப் போயிடுவேன். ஆம்பளை படுக்கையில. போனை யார் எடுப்பா, எங்க வீட்டுப் பூனையா?"

கிவாகோ குனிந்து வணங்கினாள். இடுப்பு வளைந்தது வளைந்தபடியே நின்றாள். சாரல் விழத் தொடங்கியிருந்தது. காதுக்குப் பின்னால் சொட்டியது.

"சரி சரி, நிமிரு. என்ன, புதுசா ஏதாவது அளக்கணுமா?"

"இல்லைங்க. என் வீட்டுக்காரர் படுத்திருக்கார். அஞ்சு மாசமா விழுங்க முடியலை. நாளைக்குக் காலைல முடிவு சொல்லணும்."

அந்த அம்மாளின் முகம் மாறியது. கதவை முழுசாகத் திறந்தாள்.

"அதை மொதல்ல சொல்றதுக்கென்ன? உள்ள வா. ப்ரொஃபசர்னா வாசல்லயே அனுப்பியிருப்பேன்."

மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தேநீர் ஊற்றினாள். மாடத்தில் கணவனின் படம், எதிரே சின்னக் கிண்ணத்தில் சாதம். அப்படியென்றால் அவர் இல்லை. வழியெல்லாம் கிவாகோவின் மனசு, கதவைத் திறப்பது அந்த மனிதரே என்று கற்பனை செய்துகொண்டு வந்திருந்தது.

"அவர் திரும்பச் சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டாருன்னா சாப்பிட்டாரு. வீட்டுக்கு வந்த அன்னிக்கே ஐஸைக் காட்டினாரு. கையால இல்லை, கண்ணால. ஐஸ் வித்த மனுஷன், இல்லையா. நகத்தளவு துண்டு வெச்சேன். இறங்கிச்சு. அப்புறம் கஞ்சித் தண்ணி. அப்புறம் கஞ்சி. ஒரு நாளைக்கு ஆறு ஸ்பூன்."

"ஆறா?"

"ஏழாவது குடுத்தா இருமல் வந்துடும். ஆறுதான். நாப்பத்தோரு நாள்."

கிவாகோவின் மனசு பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. அவளுடைய அளவுகோலில் ஒரு நாளைக்கு ஆறு ஸ்பூன் 'உண்ணவில்லை' என்ற கட்டத்தில்தான் விழும். இவரைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தாலும் ஆய்வின் முடிவு ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. அவள் எழுதியது தப்பில்லை. தேடி வந்த நிம்மதி கிடைத்தபோது அது கல்லைப்போலக் கனத்தது.

"நாப்பத்தோரு நாளுக்கு அப்புறம்?"

"நிமோனியா." அந்த அம்மாள் அடுப்புத் திரியைக் குறைத்தாள். "கடைசி நாலு நாளைப் பாத்தவ எவளும் இன்னொருத்திக்கு இதைச் செய்யச் சொல்ல மாட்டா. தண்ணியில முழுகறவன் மாதிரி மூச்சு வாங்கினாரு. நான் குடுத்த கஞ்சிதான் நெஞ்சுல போய்த் தேங்கிடுச்சுன்னு என் கொழுந்தனார் சாவு வீட்டுலயே சொன்னாரு. எல்லார் எதிர்லயும்."

"நீங்க செஞ்சது தப்புன்னு நெனைக்கறீங்களா?"

"சில நாள் நெனைக்கறேன். சில நாள் இல்லை. மழை பெஞ்சா நெனைக்கறேன்." அவள் கிவாகோவை நேராகப் பார்த்தாள். "அவரு கேட்டாரு, நான் குடுத்தேன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் என்ன கேட்டாரு?"

கிவாகோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

ஐந்து மாதம். நாற்பது தடவையாவது டாக்டரோடு பேசியிருப்பாள். மகளோடு சண்டை போட்டிருக்கிறாள். இரவெல்லாம் புள்ளிவிவரத்தோடு மல்லாடியிருக்கிறாள். கென்சாகுவைக் கேட்கவில்லை. தலையாட்டச் சொன்னால் ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே மாதிரி ஆட்டுகிறார் என்று ஜூலையிலேயே குறிப்பேட்டில் எழுதிவிட்டார்கள். இருந்த ஒரு நல்ல கையையும் உறைக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள். அதோடு எல்லோரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவளும்தான்.

"நான் அவரைக் கேக்கலை" என்றாள்.

அந்த அம்மாள் திட்டவில்லை. எழுந்து ஒரு பொட்டலத்தில் நெத்திலிக் கருவாடு கட்டிக் கையில் கொடுத்தாள்.

"போய்க் கேளு. வெளிச்சம் இருக்கும்போதே கெளம்பு, ரோடு வழுக்கும்."

*

மலைச் சரிவில் இறங்கும்போது கைபேசி ஒலித்தது. கிவாகோ காரை ஓரங்கட்டினாள்.

"அம்மா!" சயோரியின் குரல் உடைந்திருந்தது. "அப்பாவைக் கேட்டேன்ம்மா. நானே உறையைக் கழட்டிட்டுக் கேட்டேன்."

"என்ன கேட்டே?"

"பயிற்சி அறையில எழுத்துப் பலகை இருக்குல்ல, அதை எடுத்துட்டு வந்து மடியில வெச்சேன். 'வயித்துல குழாய் வெக்கலாமாப்பா?'ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பலகையையே பாத்துட்டிருந்தாரு. அப்புறம் விரலை வெச்சாரு. 'இ'. அப்புறம் 'எ'."

இ, எ. சேர்த்துப் படித்தால் 'இஎ', ஜப்பானிய மொழியில் 'வீடு'.

கிவாகோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் போகணுமாம். குழாய் வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று ஹதானோ சொன்னாரே. அப்படியென்றால் சம்மதம். மகள் கேட்டதும் அதுதான், அவரும் அதையே சொல்லிவிட்டார்.

"வீடுன்னு சொல்றாரு, சயோரி. சரின்னு சொல்றாரு. நீ சொன்னதுதான் சரி. நான் வந்து கையெழுத்துப் போடறேன்."

"இல்லைம்மா." மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நானும் மொதல்ல அப்படித்தான் நெனைச்சேன். ஆனா விரல் 'இ' மேல ரொம்ப நேரம் நின்னுச்சு. தூக்கித் திரும்ப வெச்சாரோ, நடுங்கிச்சோ தெரியலை. ரெண்டு தடவை தொட்டிருந்தா?"

'இ'யை இரண்டு தடவை தொட்டு 'எ'யைத் தொட்டால் அது வீடு இல்லை. 'இஇஎ', அதாவது 'இல்லை, வேண்டாம்.' முதல் மாதம் முழுக்கப் பயிற்சியாளர் அவருக்குக் காட்டிக் காட்டிப் பழக்கிய இரண்டே அட்டைகளில் ஒன்று அது.

"திரும்பக் கேளு. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா..."

"கேட்டேன்ம்மா. விரலே எழும்பலை. தொட்டுப் பார்த்தா உடம்பு கொதிக்குது. நர்ஸைக் கூப்பிட்டேன். காய்ச்சல் முப்பத்தொன்பதரை டிகிரி. டாக்டர் வந்து ஆக்சிஜன் வெச்சிருக்காரு. நிமோனியா, நாலாவது தடவைம்மா. சீக்கிரம் வா."

*

கிவாகோ வார்டுக்கு வந்தபோது ஜன்னலில் இன்னும் சாயங்கால வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கென்சாகுவின் முகத்தில் பாதியை மூச்சுக் கவசம் மறைத்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்கிற்று.

ஹதானோ தணிந்த குரலில் சொன்னார். "கையெழுத்து இப்ப வேண்டாம், டீச்சர். காய்ச்சல் இறங்கினாத்தான் ஆபரேஷன். ரெண்டு நாள் தாங்கினாருன்னா பார்க்கலாம்." தாங்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளுக்குத்தான் எல்லாச் சதவீதமும் தெரியுமே.

சயோரி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். எழுத்துப் பலகையை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னுதான் சொன்னாரும்மா. இப்ப நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். நான்தான் குழாய் குழாய்னு அவரைப் போட்டுப் படுத்திட்டேன்."

"இல்லடி. வீடுன்னு சொன்னாரு. நான்தான் அஞ்சு மாசமா அவரைப் போகவிடலை."

இத்தனை நாள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தவர்கள், இப்போது ஒருவர் நின்ற இடத்தில் மற்றவர் நின்றார்கள். சொல்லிவிட்டு இரண்டு பேருமே அழுதார்கள். ஹதானோ தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் இளம் நர்ஸ் ஒருத்தி வந்தாள். கட்டிலின் கம்பியில் தொங்கிய கையுறையை எடுத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க. முழிப்பு வந்தா கவசத்தைப் பிடுங்கிடுவாரு. இதை மாட்டியே ஆகணும்."

கிவாகோ கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றாள். கணவனின் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். கொதித்தது. விரல்கள் ஈரமாக, பிசுபிசுவென்று ஒட்டின. இந்தக் கையை அவள் இப்படிப் பிடித்து எத்தனை மாதம் ஆயிற்று!

"மாட்டாதீங்கம்மா. நான் பிடிச்சுக்கறேன்."

"எவ்வளவு நேரம் பிடிச்சுட்டே இருப்பீங்க?"

"அவர் முழிக்கற வரைக்கும். அவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும்" என்றாள் கிவாகோ.

சயோரி சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினாள்.